கூழில் கலப்படம்

விக்கிரவாண்டி பிரபாவதியின் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று எவனாவது சொல்லிப் பார்க்கட்டும், தெருவே அதிரும். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள்தான். ஆனால் ஒரு வாய் பால் குடிக்க மாட்டாள். எலும்பு தேய்ந்திருக்கிறது, தினமும் பால் குடியுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து பேஜாரெல்லாம் அவள் புருஷன் புகழேந்திக்கு.

பேரீச்சம்பழத்தை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தான். அவள் டம்ளருக்குள் பாலின் தரம் பார்க்கும் லேக்டோமீட்டரை விட்டுப் பார்த்தாள்.

"என் பால்லயே கலப்படமா? யார ஏமாத்திக்கினு இருக்க?"

மறுநாள் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்துப் பொடித்துப் போட்டான். அடுத்து ஏலக்காய் தட்டி வாழைப்பழம் பிசைந்தான். எல்லாம் கன்றுக்குட்டிக்குப் போயின. கன்று மினுமினுவென்று கொழுத்தது.

நேற்று மாலை கேப்பைக் கூழை நீட்டினான். வெல்லம் மணக்க, மடமடவென்று குடித்தாள்.

"இன்னாய்யா, மோரு ஊத்தாமலே இவ்ளோ ருசியா இருக்குது?"

"பால் ஊத்தினேன்."

அவள் முறைத்தாள்.

"பால்ல நான் ஒண்ணும் கலக்கல. கூழுலதான் பாலைக் கலந்தேன்" என்றான் புகழேந்தி, ஓடத் தயாராக.

பிரபாவதி கொஞ்சம் யோசித்தாள். பிறகு காலி டம்ளரை நீட்டினாள்.

"நான் இன்னா கூழா விக்கிறேன்? ஊத்து இன்னொரு டம்ளர்."