துப்பும் வாளியோடு பங்களாவுக்குப் போனேன்

என் வலது கை என்னைக் கேட்காமல் செய்த காரியங்கள் சில உண்டு. அவற்றில் படு மோசமானது, ஜப்பான்காரன் காலத்தில் ஒரு நாள் காலைப் பெரட்டில் அது தானாக மேலே எழும்பியது.

விடிந்ததும் தோட்டத்து ஆள்கள் எல்லாரும் தேயிலைத் தொழிற்சாலை முன்னால் வரிசையாக நின்று பெயர் கொடுப்பதுதான் பெரட்டு. வெள்ளைக்காரத் துரை இருந்தவரை அது ஐந்து நிமிட வேலை. துரை ஓடிப்போன பிறகு ஜப்பான் அதிகாரி ஒருவன் அவருடைய பங்களாவில் குடியேறினான். தேயிலையில் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னான். அன்றிலிருந்து பெரட்டுச் சங்கு ஊதினாலே, மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பும்போது நான் கொல்லைக்குக் கிளம்புவேன்.

அன்றைக்குக் கணக்கு எழுதும் கிராணியின் கையில் ஒரு தாள் இருந்தது. சயாமில் ரயில் பாதை போடப் போக வேண்டிய இருபது பேரின் பட்டியல். மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்றுதான் சொன்னார்கள். முந்தின தடவையும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த மூன்று மாதம் முடிந்து இன்னொரு மூன்று மாதமும் முடிந்திருந்தது, போனவர்களில் ஒருவரும் வரவில்லை. கீழே ரிங்லெட் ஊருக்குக் காய்கறி லோரியில் போய் வந்தவர்கள் காடு, காலரா என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு, மூன்றாவதைச் சொல்லாமல் பீடியைப் பற்ற வைப்பார்கள்.

கிராணி வாசித்தார். பதினோராவது பெயர் என்னுடையது.

 காதில் எதுவும் விழவில்லை. ஜப்பான் அதிகாரி உடைந்த இங்கிலீஷில் ஏதோ சொன்னதும், கிராணி அதைத் தமிழில் திருப்பிச் சொன்னதும் எங்கோ பக்கத்துத் தோட்டத்தில் நடப்பது போல இருந்தது.

"பழைய துரையோட ஒயின் போத்தலுங்க பங்களா ஸ்டோர்ல கெடக்கு. நாலாம் நாள் பெரிய அதிகாரி மேல வர்றாரு. எதை அவருக்குக் குடுக்கலாம்னு ருசி பார்த்துச் சொல்லத் தெரிஞ்சவன் யாராச்சும் இருக்கீங்களா?"

அப்போதுதான் கை எழும்பியது. யாருடைய கை என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என் தோளில்தான் முளைத்திருந்தது.

என்னுடைய தகுதியைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் தேயிலை ருசி பார்க்கும் அறை ஒன்று உண்டு. அங்கே கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைப்பதும் கோப்பை கழுவுவதும் என் வேலை. துரை வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகள் முன்னால் நின்று, கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டி, பக்கத்தில் நிற்கும் உயரமான தகர வாளியில் துப்புவார். நான் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குத் திரும்பி, பொழுது போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அப்படியே நடித்துக் காட்டுவேன். கண்ணை மூடி, புருவத்தை ஏற்றி, உறிஞ்சி, துப்பி. என் அடுத்த வீட்டுக்காரன் நான் கண்ணை மூடும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவான். மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம், உறவு ஒன்றும் கிடையாது. அவன் சிரிப்புக்காகவே பாதிக் கோமாளித்தனம் செய்திருக்கிறேன்.

மற்றபடி ஒயினை நான் கண்ணால்தான் பார்த்திருந்தேன். இந்த மேட்டில் தென்னை இல்லாததால் கள் கிடையாது. எப்போதாவது சம்சு கிடைக்கும். சம்சுவை யாரும் ருசி பார்ப்பதில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளுவதுதான்.

இது அத்தனையும் கிராணிக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் தேயிலையே கருகியிருக்கும். ஆனாலும் அதிகாரியிடம் எதையோ சொல்லித் தலையாட்டினார். அதிகாரி போன பிறகு என் சட்டையைப் பிடித்தார்.

"டேய் கோப்பை கழுவி! என்னடா தெரியும் உனக்கு?"

"ஐயா, ஒண்ணும் தெரியாது. நீங்க தெரியாதுன்னே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அங்கயே உன் தலை உருண்டிருக்கும். இப்ப ரெண்டு தலை உருளப் போவுது. பழைய துரைகிட்ட இவன்தான் ருசி பார்ப்பான்னு நான் சொல்லித் தொலைச்சிட்டேன்லா. நீ சரியாச் செஞ்சா பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுறானாம். பெரிய அதிகாரி முன்னால அவன் மானம் போச்சுன்னா, உனக்குச் சயாம் லோரிகூடத் தேவைப்படாது."

வீட்டில் சொன்னேன். இடுப்பில் பிள்ளையோடு நின்ற என் மனைவி முதலில் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "மண்ணெண்ணெய்க்கும் சம்சுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன் நீங்க" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஒரு தடவை மண்ணெண்ணெயை அரை மடக்கு குடித்திருக்கிறேன்.

மறுநாள் கிராணியும் நானும் ருசி பார்க்கும் அறையில் உட்கார்ந்தோம். ஸ்டோரில் நாலு வகை ஒயின், ஒவ்வொன்றிலும் சில போத்தல்கள். வகைக்கு ஒன்றைத் திறக்க அனுமதி கிடைத்திருந்தது. இவை தவிர, கழுத்தில் தங்கக் காகிதம் சுற்றிய போத்தல் ஒன்றே ஒன்று. அது பங்களா முன்கூடத்தில் கணப்படுப்புக்கு மேலே இருந்த பலகையில் வருஷக்கணக்காக அழகுக்கு நின்றது. அதை மட்டும் தொடக் கூடாது, பெரிய அதிகாரிக்குத் தன் கையாலேயே திறப்பேன் என்று அதிகாரி சொல்லிவிட்டான்.

"நாலும் மலிவுச் சரக்குடா" என்றார் கிராணி. "ஈப்போ கடைக்கு ஓர்டர் எழுதினதே நான்தான். மகா கஞ்சன் அந்தத் துரை."

தக்கையை ஆணியால் குத்தி உள்ளே தள்ளினோம். நான் குடித்தேன்.

"என்னடா?"

"புளிக்குதுங்க."

"ரெண்டாவது?"

"இதுவும் புளிக்குது."

"மூணாவது?"

"இதுவும் புளிக்குது. ஆனா, செவப்பா புளிக்குது."

"செவப்பா புளிக்குதுன்னு நான் எப்படிடா இங்கிலீசுல சொல்லுவேன்?" என்று பென்சிலை வீசினார். நாலாவது இனித்தது. அதற்குள் கெண்டி இரண்டாகத் தெரிந்தது. சயாம் போகும் லோரியும் இரண்டாகத் தெரிந்தது. மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுததாகக் கிராணி பிறகு சொன்னார். நான் மறுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் மண்டை வெடிக்கும் வலியோடு படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. துரை நாற்பது கோப்பையை உறிஞ்சிவிட்டும் நேராக நடந்து போவார். ஏன்? துப்பினார். அந்தத் தகர வாளி சும்மா நின்றதில்லை.

வாளியைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. சர்ரென்று உறிஞ்சி, நாக்கின் நடுவில் நிறுத்தி, மூக்கு வழியாக மூச்சு விட்டு, துப்பினேன். மூன்றாவது கோப்பையில் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. இது எனக்குத் தெரிந்ததாயிற்றே! அதிக நேரம் ஊறிவிட்ட தேத்தண்ணியின் துவர்ப்பு. இத்தனை வருஷம் கோப்பை கழுவும் முன்பு மிச்சத்தைத் திருட்டுத்தனமாகக் குடித்துக் குடித்து என் நாக்கு அதைப் படித்து வைத்திருந்தது. இலையை வாட்டி, நசுக்கி, புளிக்க விட்டு, சரியான நேரத்தில் நிறுத்துவது தேயிலை. திராட்சைக்கும் ஏறக்குறைய இதே கதிதான் போலிருக்கிறது.

அதன்பிறகு கதவு திறந்த மாதிரி இருந்தது. முதல் போத்தலில் நறுக்கி வைத்த கொய்யா வாசனை, பிறகு எலுமிச்சைத் தோல். இரண்டாவதில் மழையில் நனைந்த சாக்கு. நாலாவதில் பேரீச்சம்பழமும் கிராம்பும், கடைசியில் ஆஸ்பத்திரி இருமல் மருந்து. மூன்றாவதுதான் ஆச்சரியம். முதலில் துவர்ப்பு, அப்புறம் லேசாக விறகுப் புகை, துப்பின பிறகு, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அந்த மாதிரி ஓர் இனிப்பு தொண்டையில் தங்கியது.

"ஐயா, இதான். இதைத்தான் குடுக்கணும்."

கிராணி போத்தலைத் திருப்பிப் பார்த்தார். "இருக்கறதுலயே வெலை கொறைஞ்சது இதுதான்டா."

"மலிவுத் தேயிலைத் தூளு, அந்த டஸ்ட்லயும் நல்ல டஸ்ட் இல்லீங்களா? நாம குடிக்கிறது அதானே?"

அவர் எழுதிக்கொண்டார். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. அரை மணி நேரம் எனக்குச் சயாம் நினைவே வரவில்லை. வராமல் இருந்தது நினைவுக்கு வந்ததும் பாதிக் கோப்பையை மடியில் கொட்டிக்கொண்டேன். உள்ளூரத் தீர்மானித்துக்கொண்டேன்: தங்கக் காகிதப் போத்தல் கழுநீராகவே இருந்தாலும் அமிர்தம் என்று சொல்லிவிடுவது.

பெரிய அதிகாரி வந்த மத்தியானம், வெள்ளைக் கோப்பைகளைக் கூடையிலும் துப்பும் வாளியைத் தலையிலும் சுமந்து பங்களாவுக்கு ஏறினேன். முன்கூடத்தில் கணப்படுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய அதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். எங்கள் அதிகாரி அவர் முன்னால் விறைத்து உட்கார்ந்திருந்தான். இவனும் பயப்படுகிறான் என்று தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பயந்த மனிதன் இடுப்பில் வாள் வைத்திருந்தால் ஆறுதல் வருவதில்லை.

முதல் போத்தலைக் கோப்பைகளில் ஊற்றினேன். என்னுடையதை எடுத்தேன். சர்ரென்று உறிஞ்சினேன், உருட்டினேன், திரும்பி வாளியில் துப்பினேன்.

நாற்காலி ஒன்று விழுந்தது. எங்கள் அதிகாரி என் இடது கன்னத்தில் விட்ட அறையில் தொழிற்சாலைச் சங்கு காதுக்குள்ளேயே ஊதியது. வாள் பாதி வெளியே வந்திருந்தது. பெரிய அதிகாரி கோப்பையை எட்டத் தள்ளி வைத்தார்.

கிராணியின் குரல் கீச்சென்று வந்தது. "அவங்க குடிக்கப் போறத வாயில வச்சிட்டுத் துப்புனா என்னடா நெனைப்பாங்க? வெசம்னு நெனைக்கிறாங்கடா! குடிச்சிரு! முழுசா குடி!"

துரைமார்கள் எல்லாரும் துப்பித்தான் ருசி பார்ப்பார்கள் என்று விளக்க அது நேரமில்லை. குடித்தேன். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினேன். பிறகு எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் சாகிறேனா என்று நானும் அவர்களோடு சேர்ந்து பார்த்தேன்.

சாகவில்லை. அடுத்த மூன்று வகையையும் அதிகாரி கோப்பை கோப்பையாக விழுங்க வைத்தான். நாலாவது முடிந்தபோது பயம் எங்கேயும் போய்விடவில்லை, காலுக்கு இறங்கியிருந்தது. நாக்கு மட்டும் விடுதலையாகி, கொய்யா, சாக்கு, நெல்லிக்காய் என்று பேசிக்கொண்டே போனது. கிராணி சொல்லச் சொல்ல, பெரிய அதிகாரி மூன்றாவதை ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். மறுபடி ஒரு வாய் குடித்தார்.

எங்கள் அதிகாரியின் முகம் மலர்ந்தது. எழுந்துபோய்ப் பலகையிலிருந்து தங்கக் காகிதப் போத்தலைத் தானே எடுத்து வந்தான். தக்கையைப் பிடுங்கி, முதலில் எனக்கு ஒரு விரல் அளவு ஊற்றினான். போத்தல் என் கையில் உரசியது. வெதுவெதுப்பாக இருந்தது.

கோப்பை வாய்க்கு வரும் முன்பே மூக்கு சொல்லிவிட்டது. இலை அளவுக்கு மேல் புளித்துக் குப்பையில் கொட்டுகிற நாளில் தொழிற்சாலைக்குள் அடிக்குமே, அதே நெடி. குடித்தேன். காடி. கலப்படமில்லாத, முதல்தரக் காடி. கணப்பின் சூட்டில் வருஷக்கணக்காக நின்று செத்துப்போயிருந்தது.

அமிர்தம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதிகாரி பெரிய அதிகாரியின் கோப்பைக்கு மேலே போத்தலைச் சாய்த்துக்கொண்டிருந்தான். அப்போது என் வலது கை, மறுபடியும் என்னைக் கேட்காமல், போய் அந்தக் கோப்பையை மூடிக்கொண்டது.

ஊற்றிய ஒயின் என் புறங்கையில் வழிந்தது. 

"ஐயா, சொல்லுங்க" என்றேன். "இது ஊறுகாய்க்குத்தான் ஆவும்."

கிராணி தரையைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நல்ல சரக்கை அடுப்புக்கு மேலே வைத்து அந்த வெள்ளைக்காரத் துரை கெடுத்துவிட்டான் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. தோட்டத்திலேயே புத்திசாலி அவர்தான். அதிகாரி போத்தல் வாயை முகர்ந்தான். மூக்கு சுருங்கியது. அதை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, மூன்றாவது போத்தலை எடுத்து ஊற்றினான். என்னைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். வாளியை எடுக்க மறந்து ஓடினேன். வழியில் இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நான் குடித்ததில் பங்கு கொடுத்தேன்.

மறுநாள் காலை பனிக்குள் லோரி வந்து நின்றது. கிராணி அதே தாளை வாசித்தார். பத்துப் பெயர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பதினோராவதாக என் பெயர் வரவில்லை. வேறு பெயர் வந்தது.

இருபது பேர் என்றால் இருபது பேர்தான். நான் இறங்கினால் அந்த இடம் காலியாக இருக்காது என்பது, நாலு வகை ஒயினைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

வந்த பெயர் என் அடுத்த வீட்டுக்காரனுடையது.

அவன் மூட்டை கட்டிக்கொண்டு வந்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "வர்றேன் மச்சான்" என்றான், ஏதோ பக்கத்து ஊர் பிரிஞ்சாங் வரைக்கும் போய்வருகிற மாதிரி. லோரியில் ஏறிப் பின்பலகை ஓரமாக நின்றான். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடினான், புருவத்தை ஏற்றினான், வெறுங்காற்றைச் சர்ரென்று உறிஞ்சி வாயில் உருட்டி, தலையைத் திருப்பிச் சாலையில் துப்பினான். என்னைவிட நன்றாகவே செய்தான். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அவன் திரும்பி வரவில்லை. லோரி திருப்பத்தில் மறைகிறவரை நான் வரிசையில்தான் நின்றேன். என்னைக் கேட்காமலே எழும்பிப் பழகிய அந்த வலது கை அன்றைக்கு எழும்பவில்லை.