திருத்தம் போட ஒரு பக்கம்

சித்தூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் நேற்று புது பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் பட்டதும் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பி என் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. நிமிர்ந்து பார்த்தால் படத்தில் எங்கள் பழைய பத்திரிகை ஆசிரியர், சார். கைகூப்பிச் சிரிக்கிறார். முகத்தில் கண்ணாடி இல்லை. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருகிற பஸ்ஸே அவருக்குத் தெரியாது.

நான் பழகிய வாடை வேறு. சாருடைய வாரப் பத்திரிகை ஒரு வெல்ல மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. மையும் வெல்லமும் கலந்த வாசனை. புரூஃப் தாளில் எப்போதும் எறும்பு. எங்கள் முதல் வாசகர்கள் அவைதான். டிகிரி முடித்த திமிரோடு அங்கே சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் இன்னும் மிச்சமிருக்கிறது, மறைப்பானேன்.

சார் ஆறு நாள் பத்திரிகைக்காரர், ஞாயிற்றுக்கிழமை சரித்திரக்காரர். சந்திரகிரிக் கோட்டையில் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு பிடிவாதம்: தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரவேண்டும். ஒருமுறை உயிரோடு இருந்தவரை 'மறைந்த' என்று எழுதிவிட்டேன். மனிதர் நேரிலேயே வந்து நின்றார்.

"அவருக்கு ஒரு டீ சொல்லும்மா. குடிச்சாருன்னா அதையும் திருத்தத்துல சேர்த்துக்கலாம், ஆதாரம்" என்றார் சார்.

பாலசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி நான் எழுதியதை மூன்றாம் பக்கத்தில் போட்டவரும் அவர்தான். பஞ்ச காலத்தில் கேழ்வரகுக் கூலிக்கு எங்கள் ஆட்கள் வெட்டிய ஏரி. பழைய தாலுகா காகிதங்களைப் புரட்டி, வெட்டியவர்களின் பெயர்களை சாரே தேடிக் கொடுத்தார். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அதில் அவருடைய தாத்தா பெயர் இருந்தது. நைனாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பத்திரிகைத் துண்டை ரேஷன் கார்டு உறையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் நீட்டுவார். "எம் பொண்ணு எழுதனது. படிச்சிப் பாரு."

பிறகு சார் அரசியலுக்குப் போனார். பத்திரிகையை மூடிவிட்டார்கள். நான் திருப்பதியில் ஒரு கம்பெனி வேலைக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் எங்கள் ஏரிக்கரையில் கூட்டம். ஊரின் பெரிய வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சார் மைக்கில் பேசினார். இந்த ஏரி இவருடைய முன்னோர்கள் வெட்டிக் கொடுத்தது என்றார். முன்வரிசையில் இருந்த நைனா எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாராம். பாதியில் நிறுத்திவிட்டாராம்.

அன்று சாயங்காலம் போன் செய்தார்.

"பாப்பா, நீ எழுதனது பொய்யா?"

"இல்ல நைனா."

"அவரே வேற மாரி சொல்லிக்கினு கீறாரே. பெரிய படிப்பு படிச்சவராச்சே."

சாரை போனில் கூப்பிட்டேன். "சார், திருத்தம் எப்போ போடறீங்க?"

பின்னால் யாரோ தெலுங்கில் அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"மேடையில ஏதும்மா பக்கம்?" என்றார். அலுத்த குரல். சண்டை போட எனக்கும் தெம்பில்லை.

வெல்ல மண்டி அப்படியே இருக்கிறது. மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நைனா டீ கொடுத்தார். மழையைப் பற்றி, ஏரியில் நிற்கிற தண்ணீரைப் பற்றி வெகுநேரம் பேசினார். ரேஷன் கார்டு உறை அலமாரியில் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.