வெண்கலத் தொண்டை

எனக்கு வெண்கலத் தொண்டை. சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல் இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று, மெதுவாகப் பேசச் சொல்லி அம்மா என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகிக் கொல்லிமலைக்கு வந்த பிறகும் அதே கதைதான். நான் வாயைத் திறந்தால் போதும், கணவரின் தங்கை காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும். போகப் போக வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

போன தை மாதம் நானும் அவளும் மட்டும் மிளகு பறிக்கப் போனோம். மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. பக்கத்து மரம்கூடத் தெரியவில்லை. ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தால் அவளைக் காணோம். கூடை மட்டும் கிடந்தது. தோட்டத்துக்குக் கீழே கிடுகிடு பள்ளம். போனில் டவர் இல்லை.

"ஏ புள்ள!" என்றேன்.

பள்ளத்துப் பக்கமிருந்து "ம்" என்று பதில் வந்தது. அவள் குரல் இல்லை. ஆள் நிற்கவே இடமில்லாத பக்கம் அது. குருவிச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. பயம் முற்றினால் எனக்குக் கோபந்தான் வரும்.

"அடி எருமை! எங்கடி போய்த் தொலஞ்ச? உங்கண்ணனுக்கு நான் என்னடி பதில் சொல்றது? காது செவிடாடி? வாடி இங்க!"

மூச்சு வாங்க நிறுத்தினால் மறுபடி அந்த "ம்". முன்னைவிடக் கிட்டத்தில். அப்புறம் நான் நிறுத்தவே இல்லை. தெரிந்த வசவையெல்லாம் கொட்டினேன்.

கடைசியில் கீழேயிருந்து தவழ்ந்து மேலே வந்தாள். முழங்காலெல்லாம் சேறு. என் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"அந்தப் பக்கம் ஏன்டி போனே?"

"நீங்கதானுங்கண்ணி கூப்டீங்க. 'வா கண்ணு, வா சாமி'ன்னு அத்தன அன்பா. போயிட்டே இருந்தேன். அப்பறம் மேலயிருந்து திட்டுற சத்தம் கேட்டுச்சு. எங்கண்ணி இதுதான்னு திரும்பிட்டேன்."

நான் அவளைக் கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அந்த நடுக்கத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். எதனாலும் காப்பியடிக்க முடியாத ஒன்று என்னிடம் இருந்திருக்கிறது. அதைத்தான் இத்தனை வருஷம் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

பனிக்குள்ளேயே வீட்டுக்கு நடந்தோம். தொண்டை வறண்டு ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினேன். அவள் விரல்கள் என் கையை இறுக்கின.

"நிறுத்தாதீங்கண்ணி. இன்னும் சத்தமாப் பேசுங்க."