சந்தேகத்துக்கு இரண்டு படிப்பு

நான் பி.எஸ்சி. வேதியியல். என் வீட்டுக்காரர் பி.காம். இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டுச் சண்டையில் பாதியைச் சொன்ன மாதிரிதான். ரசத்தில் தண்ணீர் கூடிப்போனால் நான் "டைலூட் ஆயிருச்சு" என்பேன். தீபாவளிக்கு எடுக்க வேண்டிய சேலையைப் பொங்கலுக்குத் தள்ளும்போது அவர் "கேரி பார்வர்டு பண்ணிக்கலாம்" என்பார். அப்படித் தள்ளிப்போன சேலை எதுவும் இதுவரை என் பீரோவுக்கு வந்து சேர்ந்ததில்லை.

படிக்கிற காலத்திலேயே இந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன். விருதுநகரில் காலேஜ் முடிந்து சிவகாசி பஸ்ஸில் ஒரு கூட்டமாக வருவோம். தாவரவியல் படித்தவள் சன்னல் வழியே சீமைக் கருவேலத்தைப் பார்த்தால் அதன் லத்தீன் பெயரைச் சொல்லி முறைப்பாள், ஏதோ வாய்க்கால் தகராறு உள்ள பங்காளியைப் பார்க்கிற மாதிரி. கணக்குப் படித்தவள் யாரைப் பற்றி வம்பு பேசினாலும் "அப்படின்னே வச்சுக்கோ" என்று ஆரம்பித்து, இறங்குகிற ஸ்டாப் வருவதற்குள் அதை நிரூபித்துவிடுவாள். பொருளாதாரக்காரிக்கு முறுக்கு விற்கிறவர் பஸ்ஸில் ஏறினாலும் டிமாண்டு, ஏறாவிட்டாலும் டிமாண்டு. மூன்று வருஷத்தில் ஒருத்திக்கும் தன் பேச்சு மாறியது தெரியவில்லை. அடுத்தவள் பேச்சு மாறியது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

வேதியியல் என் வாயில் போட்டுவிட்டுப் போனது ஒரே ஒரு சொல்: 'இருக்கலாம்'. உப்புப் பகுப்பாய்வு என்று ஒரு சோதனை உண்டு. என்ன உப்பு என்று சொல்லாமல் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நிறம் பார்த்து, முகர்ந்து, சூடாக்கி, அமிலம் விட்டு, அது என்னவென்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வந்தாலும் அறிவன என்ற கட்டத்தில் 'அம்மோனியம் இருக்கலாம்' என்றுதான் எழுதலாம். கடைசியில் உறுதிச் சோதனை என்று ஒன்று வரும். அதை முடித்த பிறகுதான் 'உறுதி' என்று எழுத அனுமதி. முந்திக்கொண்டு எழுதினால் எங்கள் பேராசிரியை சிவப்பு மையால் ஒரே இழுப்பு இழுத்துவிடுவார்.

இழுத்து இழுத்து அந்தச் சொல் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பால் பொங்கியிருக்கலாம், பஸ் போயிருக்கலாம், மாமா வந்திருக்கலாம். என் சித்திக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை, என்னைவிட ஆறேழு வயசுதான் மூப்பு. முறைக்குச் சித்தி, சண்டைக்கு அக்கா. "கதவப் பூட்டுனயா பிள்ளன்னு கேட்டா பூட்டிருக்கலாம்ங்கா. இதுக்கு எதுக்கு காலேசு?" என்று தெருவே கேட்கச் சொல்லுவாள்.

படிப்பு முடிந்ததும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். சித்தி எனக்கு முன்னாலிருந்தே அங்கேதான் வேலை பார்த்தாள். அவளும் இன்னும் மூன்று பெண்களும் ஒரு தனி ரூமில் உட்கார்ந்து காகிதக் குழாயில் மருந்து அடைப்பார்கள். அலுமினியத் தூள் ஏறி அவள் கை முழங்கை வரைக்கும் வெள்ளியாக மின்னும். அதே கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதியவரைத்தான் பிறகு இரண்டு வீட்டாரும் பேசி எனக்குக் கட்டி வைத்தார்கள். ஆக ஒரே பொடி சித்திக்கு மருந்து, எனக்குக் கலவை, என் வீட்டுக்காரருக்குச் சரக்கு. மூன்று பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருஷம், சீசன் உச்சத்தில் இருந்தது. தீபாவளி நெருங்கிவிட்டது, ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்தால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும் என்பது சட்டம். சித்தியின் ரூமிலும் தட்டுகளில் இருந்த மருந்தைத் தார்ப்பாய்ச் சீட்டுப் போட்டு மூடிவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். சனிக்கிழமை சம்பள நாள். அப்படியே ஆபீஸ் வராந்தாவில் போய் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

மழை விட்டதும் நான் ஒவ்வொரு ரூமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சித்தியின் ரூமில் ஓடு விலகி, சீட்டு விலகிய இடமாகப் பார்த்துத் தண்ணீர் சொட்டியிருந்தது. மருந்து நனைந்து கட்டி கட்டியாக இருந்தது. சீட்டை முழுக்க விலக்கியதும் அந்த நெடி வந்தது. எந்த நெடிக்கு 'இருக்கலாம்' என்று எழுதி எழுதிக் கை வலித்ததோ, அதே அம்மோனியா. தட்டின் அடியில் புறங்கையை வைத்தேன். சூடு.

அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் கலந்ததில் கொஞ்சம் ஈரம் பட்டால் உள்ளுக்குள் மெள்ள வினை நடக்கும். அம்மோனியா கிளம்பும், சூடு கிளம்பும். சூடு ஏறினால் வினை வேகம் எடுக்கும், வேகம் எடுத்தால் இன்னும் சூடு ஏறும். சில சமயம் தானாக அடங்கிவிடும், சில சமயம் தீப்பிடித்துவிடும். எது எப்போது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. போர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். திங்கட்கிழமை நாலு பிள்ளைகளையும் விட்டுக் கிளறி வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்றார். அந்த நாலு பிள்ளைகளில் ஒருத்தி என் சித்தி. நான் ஆபீசுக்கு ஓடினேன்.

முதலாளி அண்ணாச்சி கெட்டவர் இல்லை. யாராவது தொழிலாளிக்கு உடம்பு சரியில்லை என்றால் தன் காரையே அனுப்புகிறவர்தான். ஆனால் அது சீசன். செவ்வாய்க்கிழமை லோடு ஏற வேண்டும், அந்த ரூமில் இருந்தது அந்த லோடுக்கான மருந்து. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, உடனே எல்லாவற்றையும் பெரிய தொட்டித் தண்ணீரில் கரைத்து அழிக்க வேண்டும் என்றேன். ஈரம் பட்டதுதான் ஆபத்து என்கிறாய், பிறகு தண்ணீரையே ஊற்றச் சொல்கிறாய், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். கொஞ்சம் தண்ணீர் சூட்டைக் கிளப்பும், நிறையத் தண்ணீர் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் எக்ஸோதெர்மிக் என்று ஒரு சொல்லை விட்டுவிட்டேன். அதோடு அவர் முகம் மூடிக்கொண்டது.

"அதெல்லாம் இருக்கட்டும் தாயி. வெடிக்குமா, வெடிக்காதா?"

"வெடிக்கலாம், அண்ணாச்சி."

"மழகூடத்தான் வரலாம், வராமயும் போகலாம். நீ படிச்ச பிள்ள, ஒண்ணு சொல்லு."

எனக்குத் தலைக்கு ஏறியது. பாதிக் கோபம் அவர் மேல், பாதி என் நாக்கின் மேல். கண்டிப்பாக வெடிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தெரிந்ததற்கு மேலே ஒரு சொல் சொல்லக் கூடாது என்று மூன்று வருஷம் பழக்கியிருந்தார்கள். இன்னொரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுகூட வாய் வரைக்கும் வந்தது. கெட்டது போ. சன்னலுக்கு வெளியே சித்தி சம்பளக் கவரை மடியில் சொருகிக்கொண்டே என்னைப் பார்த்து, என்ன விஷயம் என்று கையால் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் அடுத்த மேஜையில்தான் இருந்தார். அதுவரைக்கும் குனிந்த தலை நிமிரவில்லை. ஆபீசில் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக நடந்துகொள்வதில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, கெமிஸ்டு சந்தேகம்னு சொல்லியாச்சு. எங்க படிப்புல ஒரு கடன் வருமான்னு சந்தேகம் வந்துட்டா, வரும் வரும்னு வச்சிருக்க மாட்டோம். அன்னிக்கே நஷ்டத்துல தள்ளிருவோம். அந்த ரூம் சரக்க நான் இப்பத் தள்ளிட்டேன். இனி அது ஒங்க சொத்தே இல்ல. சொத்தில்லாத ஒண்ண ரூம்ல வச்சு, நாலு ஆள ஏன் காவலுக்கு உக்கார வைக்கீக?"

 அந்த வடக்கத்திப் பார்ட்டி மாதிரியா என்று கேட்டார் அண்ணாச்சி. ஒரு வியாபாரி தருகிறேன் தருகிறேன் என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்து, அவனை நம்பி மேற்கொண்டும் சரக்கு அனுப்பி, அண்ணாச்சி கையைச் சுட்டுக்கொண்ட கதை ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரிதான் என்றார் என் வீட்டுக்காரர். "அழிச்சிருங்க" என்றார் அண்ணாச்சி. நான் சொன்ன அம்மோனியாவும் சூடும் செய்யாத வேலையை அந்த வடக்கத்திப் பார்ட்டி செய்துவிட்டான்.

போர்மேனும் இன்னும் இரண்டு ஆள்களும் பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தொட்டியில் கரைத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். கடைசித் தட்டை எடுக்கும்போது முதல் தட்டைவிடச் சூடு கூடியிருந்தது. தொட்டியிலிருந்து கிளம்பிய நெடியில் எல்லாருக்கும் கண் எரிந்தது. முடிந்தபோது வெயில் இன்னும் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் வயிறு எரிந்தது. ஆபத்தைக் கண்டுபிடித்தது என் படிப்பு, அதைச் சொல்லிப் புரிய வைத்தது அவர் படிப்பு. வீட்டுக்கு வந்து கேட்டால், வரப்போகிற நஷ்டம் சந்தேகமாக இருந்தாலும் எழுது, வரப்போகிற லாபம் உறுதியாகத் தெரிந்தாலும் வந்த பிறகு எழுது என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். சந்தேகம் வந்தால் நாங்கள் இன்னொரு சோதனைக் குழாயைக் கழுவுவோம். அவர்கள் அன்றைக்கே கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டும் சந்தேகந்தான். அன்றைக்குத் தேவைப்பட்டது அவருடைய சந்தேகம்.

திங்கட்கிழமை ரூமைக் கழுவி, ஓடு மாற்றி, காயப் போட்டிருந்தார்கள். அடைக்க மருந்தும் இல்லை. சித்தியையும் மற்ற மூன்று பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீசனில் வேலை இல்லாமல் திரும்புகிறவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்று சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்து விளக்குமாற்றைக் கையில் எடுப்பதற்குள் சித்தி வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மற்ற மூன்று பேரும் உன் அக்கா மகள் செய்த வேலை என்று அவளைப் போட்டுப் பிய்த்திருக்கிறார்கள். காயவைத்திருந்தால் சரியாகப் போயிருக்கும் என்று போர்மேன் வேறு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். நாளைக்கும் வேலை கிடையாதாம். சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் உடைந்தது.

"நீ சொல்லு பிள்ள. வெடிச்சிருக்குமா?"

எனக்கு என்ன தெரியும்? நெடி தெரியும், சூடு தெரியும். தொட்டியில் கரைத்துவிட்ட பிறகு அது வெடித்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு என் படிப்பில் சொல் இல்லை, அவர் படிப்பில் அதற்குப் பெயர் நஷ்டம். இந்தக் கேள்விக்கு உறுதிச் சோதனை என்று ஒன்றுதான் இருந்தது. அன்று காலையில் சித்தி அந்த ரூமில் போய் உட்கார்ந்து, கையை விட்டுக் கிளறியிருக்க வேண்டும். 

"வெடிச்சிருக்கும் சித்தி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போல.  முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதை இப்படி முதலிலேயே சொல்லியிருந்தால் அவளுகளுக்கு நான் பதில் சொல்லியிருப்பேனே என்றாள். பிறகு புறவாசலுக்குப் போய்க் கை கழுவினாள். ரொம்ப நேரம் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்தபோது நகக்கண்ணில் வெள்ளி அப்படியே இருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"சோறு இருக்கா பிள்ள?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.

"இருக்கு சித்தி" என்றேன்.