பூட்டில்லாத தட்டில் ஒரு பிட்டர்ஸ் பாட்டில்

எங்கள் ஹோட்டல் பாரில் மதுப்பாட்டில்கள் எல்லாம் கம்பிக்கதவு போட்ட அலமாரிக்குள் இருக்கும். சாவி மேனேஜரிடம். எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி குறைந்திருக்கிறது என்று தினமும் அளந்து எழுதுவார்கள். பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு மட்டும் வெளியே இருந்தது. உப்பு, சர்க்கரைப் பாகு, ஜாதிக்காய்ப் பொடி இவற்றோடு ஒரு திறந்த தட்டில், மூக்குச் சின்னதாக உள்ள கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்திருப்பார்கள். லேபிள் கிடையாது. அந்தத் தட்டில் இருப்பதை யாரும் அளப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. என் புத்தி அங்கேதான் தடுக்கி விழுந்தது.

நான் குடிக்காதவன். துபாயில் இந்த ஜெபல் அலி ஹோட்டலுக்கு வருவதற்கு முன் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கோடவுனில் பெட்டி அடுக்கினேன். பாரில் கிளாஸ் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், வந்தேன். பார்த்துப் பார்த்தே கலக்கக் கற்றுக்கொண்டேன். சைவக்காரன் கறிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்த மாதிரி என்று ரூமில் கிண்டல் செய்வார்கள். ருசி பார்க்க வேண்டியிருந்தால் ஸ்பூன் நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, சிங்க்கில் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பேன். என்ன குடிக்கிறார்கள் என்பதைவிட அதில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு எப்போதும் கேள்வி.

பிட்டர்ஸ் என்பது எல்லாக் கலவையிலும் இரண்டு துளி, மூன்று துளி. அவ்வளவுதான். சாம்பாருக்குப் பெருங்காயம் போல என்று நினைத்திருந்தேன். குடிக்காத விருந்தாளிகளுக்கான எலுமிச்சை சோடாவிலும் அதே இரண்டு துளி விழும். ஒருநாள் மதியம், கூட்டமில்லாத நேரம், நரைத்த தலையோடு ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். பிட்டர்ஸ் நாற்பத்தைந்து மில்லி, பாதாம் சிரப், எலுமிச்சை, விஸ்கி கொஞ்சம் மட்டும் என்று கேட்டார். நான் தப்பாகக் காதில் வாங்கியிருக்கிறேன் என்று மறுபடி கேட்டேன். அவர் விரலால் அளவு காட்டினார்.

குப்பியின் மூக்கைக் கழற்றிவிட்டு ஊற்ற வேண்டியிருந்தது. பருப்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பெருங்காயத்தில் சாம்பார் வைக்கச் சொன்னால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது எனக்கு. குலுக்கி ஊற்றினேன். செங்கல் நிறம், மேலே கெட்டியான நுரை. அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை. இன்னொன்று கேட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. துளியாக இருக்கும்போது ஒளிந்திருக்கிற வாசனைகள், ஊற்றும்போது ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கிராம்பு முதலில். பிறகு பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல். கடைசியில் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு வேர்க் கசப்பு. எங்கள் சிவகங்கைப் பக்கம் டெங்கு வந்த வருடம் அண்டாவில் வைத்து ஊற்றிய நிலவேம்புக் கஷாயம் நினைவுக்கு வந்தது. ஸ்பூன் நுனியில் தொட்டு வைத்தால் நாக்கு எரிந்தது. கிராம்பு எரிகிறது என்று எடுத்துக்கொண்டேன். குடித்துப் பழகிய எவனும் அப்படி எடுத்துக்கொண்டிருக்க மாட்டான்.

அந்த மாதம் மேனேஜர், கோவாக்காரப் பெண்மணி, ஆளுக்கு ஒரு புதுக் கலவை கொண்டுவரச் சொல்லியிருந்தார். எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அந்த அம்மா கேட்டதில் விஸ்கியை எடுத்துவிட்டால் என்ன? பாதாமுக்குப் பதில் நம் நன்னாரி சிரப் என்றால்? தமிழ்க் கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். பிட்டர்ஸ் ஐம்பது மில்லி, நன்னாரி முப்பது, எலுமிச்சை, மேலே சோடா. நன்னாரி அந்தக் கசப்பின் தோளில் கையைப் போட்டுக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாராயமே இல்லாமல் பாரில் ஒரு பானம், அதுவும் என் கையால்.

இங்கே எங்கள் ஸ்டாஃப் பஸ் டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தொடும் வயது. முன்பு ஓமானில், சோஹாரில் வண்டி ஓட்டியபோது குடியால் வேலையைத் தொலைத்து ஊருக்குப் போனவர். பிறகு விட்டுவிட்டார். ஆறு வருடமாகிறது என்று அவரே சொல்வார், ஒளிக்க மாட்டார். டூட்டி முடிந்து நான் பஸ்ஸில் ஏறும்போது என் சட்டையில் சிந்திய மது மணக்கும். அவர் கண்ணாடியில் பார்த்தபடியே சொல்வார்.

“தம்பி, நீர் பின்னுக்குப் போய் இரும். அந்த மணம் எனக்குக் கூடாது.”

எனக்கென்று கடைசி சீட்டு ஒன்று நிலைத்துவிட்டது. பஸ் கிளம்பும் முன், நாலு மணிக்குச் சற்று முந்தி, ஊரிலிருந்து அவர் மகள் போன் பண்ணுவாள். டியூஷன் முடிந்து வந்த பிள்ளை. அவர் ஸ்பீக்கரில் போடுவார், பஸ் முழுக்கக் கேட்கும்.

“அப்பா, இண்டைக்கும் இல்லைத்தானே?”

“இல்லையம்மா.”

“சரி, கலண்டரில போடுறன். கவனமா ஓடுங்கோ.”

இந்திக்காரர்கள், நேபாளிகள் எல்லோருக்கும் இது பழகிப் போயிருந்தது. அந்தப் பேச்சு முடிந்தால்தான் வண்டி நகரும். ‘யல்லா’, போகலாம் என்று யாராவது சொல்வார்கள்.

என் கலவை உருவான மறுநாள் ஸ்டாஃப் கேன்டீனில் அவர் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி இருக்கும். வயிறு காலையிலிருந்து பொருமுகிறது என்றார். ஓமவாட்டர் கிடைக்குமா என்று கேட்டார். ஓமவாட்டருக்கு எங்கே போவது? ஆனால் என்னிடம் அதைவிட உயர்ந்தது இருந்தது. கிராம்பு, பட்டை, வேர்க் கசப்பு. வயிற்றுக்கு வேறென்ன வேண்டும்? மேலே போய், பெரிய எவர்சில்வர் டம்ளரில் கலக்கிக் கொண்டுவந்தேன்.

“குடிங்கண்ணே. கஷாயம் மாதிரிதான். கசக்கும், ஆனா கேக்கும்.”

“இதில ஒண்டும் இல்லைத்தானே?”

“சத்தியமா இல்லண்ணே. உப்பு, சர்க்கரையோட வெளிய இருக்கறது.”

அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கசப்பு பிடிக்கவில்லையோ என்று நான் பக்கத்தில் நின்றேன். பிறகு எடுத்து மிச்சத்தையும் குடித்தார். நன்றி சொல்லவில்லை. எனக்கு பார் ஞாபகம், நான் கிளம்பிவிட்டேன்.

மூன்றரைக்கு மேனேஜர் ருசி பார்க்க வந்தார். கிளாஸை முன்னால் வைத்து, இதில் சாராயம் இல்லை என்று என் அரைகுறை இந்தியில் பெருமையாகச் சொன்னேன்.

“மேடம், இஸ்மே ஷராப் மாஃபி.”

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிட்டர்ஸ் கித்னா டாலா?” எவ்வளவு போட்டாய் என்கிறார்.

“பச்சாஸ்,” என்றேன், ஐம்பது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஸ்கியைவிட இதில்தான் வீரியம் அதிகம், என்றார். வேரையும் பட்டையையும் எதில் ஊறவைக்கிறார்கள் என்று நினைத்தாய்? தண்ணீரிலா? துளித்துளியாகப் போவதால் யாரும் அளப்பதில்லை, வெளியே வைத்திருக்கிறோம். ஆனால் கலவை நன்றாக இருக்கிறது, மதுப் பட்டியலில் போடலாம் என்றார்.

மதுப் பட்டியல் எனக்கு எதற்கு? கடிகாரத்தைப் பார்த்தேன். இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவன் வாயில் ஒரு சொட்டு மணந்தாலும் ஜெயில், பிறகு ஊருக்கு விமானம். அதைவிடப் பெரியது அந்தப் பிள்ளையின் கலண்டர். வேலியில் போன ஓணானை எடுத்து என் மடியில் விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் மடியில் விட்டிருக்கிறேன். மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “ஜல்தி ஜாவோ,” என்று விரட்டினார். நான் சர்வீஸ் படிக்கட்டில் இறங்கி ஓடினேன்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் சீட்டில் வேறொருவர், பாகிஸ்தானி டிரைவர், கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தார். நம்மவர் நிழலில் சிமெண்ட் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். வயிறு சரியில்லை, வண்டி எடுக்க முடியாது என்று சாவியை அப்போதே டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கொடுத்துவிட்டார் என்று புது டிரைவர் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது. பெஞ்சுக்கு எதிரில் நின்று சொல்ல ஆரம்பித்தேன்.

“அண்ணே, அது... எனக்குத் தெரியாதுண்ணே. மன்னிச்சிருங்கண்ணே.”

“தெரியும் தம்பி. முதல் வாயிலயே எனக்கு விளங்கிட்டுது.”

எனக்குப் புரியவில்லை. “அப்புறம் ஏண்ணே முழுசாக் குடிச்சீங்க?”

“அதைத்தான் ரெண்டு மணியிலயிருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரிடமிருந்து கிராம்பு மணந்தது. அழுகை வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அழ வேண்டியவர் அழாமல் இருந்தார். அப்போது போன் அடித்தது. பழக்கத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

“அப்பா, இண்டைக்கும் இல்லைத்தானே?”

அவர் வாயைத் திறக்கும் முன் நான் போனை நோக்கிக் குனிந்தேன்.

“தங்கச்சி, தப்பு என்மேலதான். மருந்துன்னு நெனச்சு நாந்தான்...”

அவர் என் கையை விலக்கினார்.

“முதல் வாய் தெரியாமல் குடிச்சது பிள்ளை. மிச்சம் தெரிஞ்சுதான் குடிச்சனான்.”

லைன் போய்விட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

“அப்ப கலண்டரில என்ன போடுறது?”

“ஒண்டும் போடாதையம்மா. நாளைக்கும் கேள்.”

“கேப்பன்,” என்றாள். கவனமா ஓடுங்கோ என்று அன்று சொல்லவில்லை.

என் கலவை பட்டியலில் ஏறியது, பிட்டர்ஸ் குப்பி அதே வாரம் கம்பிக்கதவுக்குள் போனது. என் பெயருக்கு ஒரு வார்னிங் லெட்டரும் வந்தது, அது நியாயம்தான். அதெல்லாம் பிறகு. அன்று புது டிரைவர் ஹாரன் அடித்தார். நாங்கள் இருவரும் எழுந்து பஸ்ஸில் ஏறினோம். முன்னால் இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல், சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து, என் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார்.