தொடையில் விழுந்த குழிகள்

என் தொடையைப் பார்த்துச் சிரித்ததற்காக ஒருவனுடைய இரண்டு பற்களை உடைத்திருக்கிறேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. செல்போன் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வர ஆரம்பித்திருந்த காலம். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லாரி ஓட்டினேன். வடக்கே லோடு கொண்டுபோனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். அத்தனை நாளும் உட்கார்ந்தேதான் இருப்பேன். பரோட்டாவும், சீனி தூக்கலாக டீயும் எந்த நேரமும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஐந்தாறு வருடத்தில் இடுப்புக்குக் கீழே ஊதிவிட்டேன். ஊதியதுகூடப் பரவாயில்லை. தொடையின் பின்பக்கம் ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி குழிகுழியாகிவிட்டது. பெண்களுக்கு மட்டும்தான் அப்படி வரும் என்று நினைத்திருந்தேன். வெக்கையிலும் கைலியை மடித்துக் கட்டுவதை விட்டேன்.

ஒரு நாள் கம்பெனிக்குப் பக்கத்து பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். லோடு ஏற்றுகிற ஒருவன் பின்னாலிருந்து என் துண்டை உருவினான்.

"ஏலே, இங்கன வந்து பாருங்கலே! நம்ம டிரைவர் அண்ணாச்சிக்குப் பொம்பளத் தொட!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். என் கையில் இரும்பு வாளி இருந்தது. அவன் வாயைப் பார்த்து வீசினேன். தொட்டிக்குள் விழுந்தவனை அத்தோடு விடவில்லை. முடியைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். மூன்று பேர் சேர்ந்துதான் என் விரல்களைப் பிரித்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் சிவப்பாகப் போனது. கம்பெனிக்காரர்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசி, போலீசுக்குப் போகாமல் முடித்தார்கள். என் கோபம் முடியவில்லை. அது என் தொடை மேல் திரும்பியது.

விருதுநகரில் ஒரு ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் தொடையைக் கிள்ளிப் பார்த்தார்.

"கெட்டிப்பட்ட கொழுப்பு. அடிச்சு ஒடைச்சாத்தான் கரையும். வலி தாங்குவீகளா?"

தாங்குவேன் என்றேன். குப்புறப் படுக்கவைத்து மர உருளையால் முழங்காலிலிருந்து மேல்வரை அடித்து உருட்டினார். கத்தாமல் இருக்கத் துண்டைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் தொடை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. வீக்கத்தில் குழிகள் தெரியவில்லை. "பாத்தீகளா, கொறையுது" என்றார் மாஸ்டர். நம்பினேன். வீக்கம் வற்றியதும் குழிகள் அப்படியே இருந்தன. அடி போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் பூரிக்கட்டையை எடுத்தேன்.

என் மனைவி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள். அவள் போனதும் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அடிப்பேன். ஒரு மதியம் காய்ச்சல் என்று சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன பண்றீக? கிறுக்கு பிடிச்சிருக்கா?" கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடீ."

"விடமாட்டேன். ஒங்க தொட எப்படி இருந்தா என்ன? யாரு பாக்கப் போறா?"

அது எனக்குக் கேலியாகக் கேட்டது. கட்டையைப் பிடுங்கி வீசினேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். தவறவில்லை. அவளை அடிக்கத்தான் வீசினேன். புருவம் பிளந்து, உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அழவில்லை. உள்ளங்கையில் வழிந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். ஏழு தையல். காயத்துக்குக் கட்டுப் போட்ட நர்ஸ், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட நடுவயதுக்காரர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஏன் நொண்டுறீக?"

திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தொடையைக் காட்டச் சொன்னார். "யாரு அடிச்சா?"

"நாந்தான் சிஸ்டர்."

"அவங்கள?"

நான் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதுக்கு செல்லுலைட்னு பேரு. தோலுக்கு அடியில நார் மாதிரி இருக்கும். கொழுப்பு சேந்தா அது தோல இழுக்கும், குழி விழும். ஆம்பளைகளுக்குக் கொறச்சல்தான், ஆனா வரும். ஒரு கெடுதலும் இல்ல. அடிச்சா ரத்தக்கட்டுதான் மிச்சம். க்ரீமு, எண்ணெய்னு எவன் வித்தாலும் வாங்காதீக. தெனமும் நடங்க. தோப்புக்கரணம் போடுங்க, தொடைச் சதை இறுகும். சீனியையும் பரோட்டாவையும் கொறைங்க. எட மெள்ள எறங்கட்டும். அப்பவும் முழுசாப் போகாது." திரையை விலக்கிக்கொண்டே சொன்னார்: "ஒங்க கைக்கு என்ட்ட மருந்து இல்ல."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவள் காரியாபட்டிக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டாம் நாள் மைத்துனர் வந்து, தெருவில் எல்லாரும் பார்க்க என்னை அடித்தார். மூக்கு உடைந்தது. நான் கையைத் தூக்கவில்லை.

தூரத்து லோடுகளை விட்டுவிட்டு உள்ளூர் வண்டி ஓட்டினேன். விடிந்ததும் சூலக்கரை வரை நடந்து திரும்புவேன். பத்துத் தோப்புக்கரணத்தில் மூச்சு வாங்கியவன் மெல்ல மெல்ல நூறுக்கு வந்தேன். எட்டு மாதத்தில் இடுப்பு இறங்கியது, தொடை இறுகியது, குழிகள் பாதிக்கு மேல் ஆழம் குறைந்தன. தோலைச் சேர்த்துப் பிடித்தால் இன்றும் தெரியும். கோபம் அந்த அளவுக்கும் குறையவில்லை. நடக்கும்போது யாரையாவது மனதுக்குள் அடித்துக்கொண்டேதான் நடப்பேன். வீடு திரும்புவதற்குள் கொஞ்சம் களைத்துப்போகும், அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்து அவள் வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்: "கைய ஓங்கினாப் போதும், அடிக்கக்கூட வேண்டாம். அன்னைக்கே கெளம்பிருவேன்."

சரி என்றேன். உள்ளே வந்து சேலைப் பையைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆறு மாதம் அதைப் பிரிக்கவில்லை. தினமும் அதிலிருந்து ஒரு சேலையை எடுப்பாள், துவைத்து மடித்து அதிலேயே வைப்பாள். பிரிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. தீபாவளி சீசன் முடிந்து ஒரு மாலை வண்டியை விட்டுவிட்டு வந்தபோது, அந்தப் பை காலியாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.