வேளைக்கு முந்தி ஊதிய ஹாரன்

ஆம்பூரில் பாலாற்றங்கரையோரம் இருந்த அந்தத் தோல் பதனிடும் ஷாப்பின் ஃப்யூஸ் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் நாற்றம். சுண்ணாம்புக் குழியும் ஊறிய தோலும் சேர்ந்து அடிக்கும் அந்த வாடை, இன்னொரு ஆள் மாதிரி என்னோடு அறைக்குள் வந்து சுவரில் சாய்ந்துகொள்ளும். எண்பதுகளின் கடைசியில், நோன்பு மாதம் கோடையில் வந்த ஒரு வருஷம், அந்த வாடைக்கும் ஒரு தகரப் பொட்டிக்கும் நடுவே நான் மாட்டிக்கொண்டேன்.

பொட்டியைச் செய்தவன் நான்தான். வேலூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு ஆம்பூர் பஜாரில் ஆம்ப்ளிஃபயர் கட்டித் தரும் ஒரு கடையில் இருந்தேன். நிரந்தரமில்லாத வேலை. குடியாத்தத்தில் அண்ணனின் லுங்கித் தறிகள் என்னை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இழுத்தன. "தறிக்கு ஆள் பத்தல. எத்தினி நாளைக்குத்தான் ரேடியோவ நோண்டுவ?" என்பார் அண்ணன். அந்தக் கொட்டகையில் தறிகள் அடிக்கிற அடியில் என் பெயரை யாராவது கூப்பிட்டால்கூட எனக்குக் கேட்காது. அங்கே போய் நின்றால் கொஞ்ச நாளில் எனக்கே என் பெயர் மறந்துவிடும் என்று பயந்தேன்.

அப்போதுதான் தோல் ஷாப் முதலாளி தானாக ஊதும் ஹாரன் கேட்டார். ஷிஃப்டுக்கு ஊத வேண்டும், டீக்கு ஊத வேண்டும், நோன்பு மாதத்தில் சாயங்காலம் நோன்பு திறக்கும் வேளைக்கும் ஊத வேண்டும். தோலைப் புரட்டும் மர டிரம்கள் உருளும் சத்தத்தில் பள்ளிவாசல் பாங்கு உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதில்லை. "இந்த மாசம் பூரா பொட்டி ஒழுங்கா ஊதுச்சுன்னா நீ இங்கயே இருந்துக்கலாம். எலக்ட்ரீஷியனா போட்டுடறேன்" என்றார். தறியிலிருந்து தப்பிக்க எனக்கு இருந்த ஒரே கதவு அது.

பெங்களூரிலிருந்து ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வாங்கி வந்தேன். இரண்டு பக்கமும் வரிசையாகக் கால்கள் வைத்த கறுப்புச் சில்லு. டிரம் மேஸ்திரி பாய் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, பூரான்!" என்றார். அன்றிலிருந்து அந்த ஷாப்பில் அதற்கு அதுவே பெயர். பூரானின் ஒரு காலில் மின்சாரம் ஓங்கினால் ஓசை பிறக்கும் சர்க்கியூட் திறக்கும். ஓசை ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கூரை மேல் இருக்கும் ஹாரனுக்குப் போகும். கால் தாழ்ந்தால் மௌனம். எப்போது ஓங்க வேண்டும், எப்போது தாழ வேண்டும் என்பதெல்லாம் நான் எழுதிய புரோகிராம். கடிகாரத்துக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரியும் வைத்திருந்தேன், கரண்ட் போனாலும் நேரம் தவறாது.

நேரம் தவறவில்லை. தவறியது வேறு.

நோன்பின் முதல் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போயிற்று. டிரம்கள் நின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஊமை. புழுதிக் காற்றில் வானம் மங்கிக் கிடந்தது, பொழுது இருக்கிறதா விழுந்ததா என்று தெரியவில்லை. முற்றத்தில் பாய்மார்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் வந்தது. வந்த அந்த நொடியே ஹாரன் ஊதியது, தொண்டை கட்டின குரலில். கையில் கடிகாரம் கட்டியிருந்தவர்கூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மெஷின் ஊதினால் வேளை வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? பழம் வாய்க்குள் போயிற்று. தண்ணீரும் போயிற்று.

கஞ்சிக்குக் கை நீட்டும்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோடை வெயிலில், சுண்ணாம்புக் குழியில் இறங்கி, எச்சிலைக்கூட யோசித்து விழுங்கிப் பிடித்த நோன்பு, முடிகிற இடத்தில் முறிந்துவிட்டது. மேஸ்திரி பாய் வாயைத் துடைத்துக்கொண்டு, "ரம்ஜான் முடிஞ்சதும் இதுக்கு பதிலா இன்னொரு நோன்பு வெக்கணும். அவ்ளோதான், பேஜார் பண்ணாதீங்கபா" என்று மற்றவர்களை அடக்கினார். நோன்பில்லாத ஃபிட்டர் ஒருவர் தூணோரம் நின்று, "ஏம்பா, பூரானுக்கும் பசி தாங்கல போலகீது" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவரும் பீடியை அணைத்துவிட்டு நகர்ந்தார்.

முதலாளி என்னை ஃப்யூஸ் அறைக்குள் கூட்டிப்போனார். "இன்னான்னு கண்டுபிடி. கண்டுபிடிக்காம வெளிய வராத. இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா பொட்டியும் வேணாம், நீயும் வேணாம்."

அடுத்த நாள் காலையிலிருந்து அந்த அறைதான் எனக்கு உலகம். புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். சரியாக இருந்தது. கடிகாரம் சரி. ஒயர்களைப் பிடுங்கிப் புதிதாகப் பற்றவைத்தேன். எலி கடித்திருக்குமோ, தோல் ஷாப்பின் காற்று செம்பை அரித்திருக்குமோ என்று சுரண்டிப் பார்த்தேன். பூரானையே மாற்றினேன். ஸ்விட்சைப் போட்டால் அமைதி. நிறுத்திப் போட்டால் அமைதி. போடும்போது ஹாரனில் ஒரு 'டிக்' மட்டும் கேட்கும். ஸ்விட்ச் சத்தம் அது என்று கடையிலேயே முடிவு கட்டியிருந்தேன். என் முன்னால் அது பரம சாது. குற்றம் செய்தவன் போலீஸ் முன்னால் கைகட்டி நிற்பதைப் போல நின்றது. வெளியே டிரம்கள் உருண்டன, உருண்டன. எந்தப் பக்கம் காதைத் திருப்பினாலும் தறிதான் கேட்டது.

வியர்வை கண்ணில் இறங்க, சுவரோடு சாய்ந்து அந்தச் சாயங்காலத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தொண்டை கட்டின குரல். ஏன் தொண்டை கட்டியது? கரண்ட் வந்ததும் ஊரே ஒரே நேரத்தில் விளக்கும் விசிறியும் போடுகிறது. வோல்டேஜ் ரொம்பக் கம்மி. முழுசாக வராமல் தவழ்ந்து தவழ்ந்து வருகிறது. கடையில் நான் பொட்டியைச் சோதித்ததெல்லாம் பகலில், நல்ல கரண்டில்.

ஒரு குண்டு பல்பை லைனில் தொடராக மாட்டினேன், பொட்டிக்குப் போகும் மின்சாரம் இளைக்கட்டும் என்று. ஹாரன் ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரின் முனையைப் பூரானின் அந்த ஹாரன் காலில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். முள் எழுந்தது. எழுந்து நின்றது. இறங்கவில்லை. புரோகிராம் இன்னும் கண் விழிக்கவே இல்லை, கால் மட்டும் ஓங்கி நிற்கிறது.

அதுதான் அதன் சுபாவம். சில்லு விழிக்கும்போது எல்லாக் கால்களையும் ஓங்கியபடிதான் விழிக்கும். தாழச் சொல்லி உத்தரவு வரும்வரை அப்படியே நிற்கும். நல்ல மின்சாரத்தில் அந்த இடைவெளி ஒரு 'டிக்'. ஆம்பூரின் சாயங்கால மின்சாரத்தில் அது ஒரு நோன்பைத் திறந்துவிடப் போதுமான நேரம். நான் சொன்னால்தான் பேசும் என்று நினைத்திருந்தேன். சும்மா இரு என்று நான் சொல்கிற வரைக்கும் அது பேசிக்கொண்டே இருக்கும் பிராணி.

அதன் சுபாவத்தை என்னால் மாற்ற முடியாது, அர்த்தத்தை மாற்றலாம். காலுக்கும் ஓசை சர்க்கியூட்டுக்கும் நடுவே ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டுத் தலைகீழாக்கினேன். இனி ஓங்கினால் மௌனம், தாழ்ந்தால் ஓசை. கடைக்கு ஓடிப்போய்ப் புரோகிராமையும் அதற்கேற்பத் திருப்பி எழுதி ஏற்றிக்கொண்டு வந்தேன். பல்பை மாட்டி, கழற்றி, மாட்டி, கழற்றி, முதலாளியின் கண் முன்னாலேயே காட்டினேன். 'டிக்'கூட இல்லை.

"சபாஷ்" என்றார். வேலையும் கொடுத்தார். அண்ணனுக்கு ஆளிடம் சொல்லி அனுப்பினேன், தறிக்கு வரமாட்டேன் என்று.

அன்று சாயங்காலம் ஹாரன் சரியான வேளையில் ஊதியது. முற்றத்தில் ஒரு கையும் அசையவில்லை. டிரம்களை முன்னாடியே நிறுத்தச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. பள்ளிவாசல் பாங்கு காதில் விழுந்த பிறகுதான் பழம் வாய்க்குப் போயிற்று.

நான் அவரிடம் போய், "பாய், பொட்டி சரியாய்டுச்சு பாய்" என்றேன்.

"தெரியும் தம்பி. பொட்டிய நம்பறோம், உன்னியும் நம்பறோம். கரண்ட்டத்தான் நம்பல."

முதலாளி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நோன்பு முடியும்வரை, சாயங்காலம் கரண்ட் போனால் அது திரும்பி வரும்வரை எலக்ட்ரீஷியன் ஃப்யூஸ் அறையில் இருக்க வேண்டும். ஹாரன் ஸ்விட்சை அணைத்து, மேலே கை வைத்துக்கொண்டு. தானாக ஊதும் பொட்டிக்கு ஒரு காவல் ஆள்.

அந்த மாதத்தில் கரண்ட் போகாத சாயங்காலம் எனக்கு நினைவில்லை. இருட்டில், வாடையோடு தோளுரசி உட்கார்ந்திருப்பேன். வெளியே, மின்சாரம் இல்லாத அமைதியில், வெறுந்தொண்டையில் பாங்கு மிதந்து வரும். பாத்திரங்கள் நகரும். நோன்புக் கஞ்சியின் பட்டை வாசனை கதவிடுக்கில் நுழையும்.

"தம்பி, வாப்பா. கஞ்சி ஆறிப்போவுது" என்று மேஸ்திரி பாய் குரல் கொடுப்பார்.

"வர்றேன் பாய்" என்பேன்.

எழுந்திருக்க மாட்டேன். கரண்ட் எந்த நொடியும் வரலாம்.